கண்டக்டரின் குடை

திருச்சி பஸ் கீரனூரில் நின்றபோதுதான் அந்த ஆட்டைப் பார்த்தேன். மருந்துக்கடைச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் அது இருந்தது. ஒற்றைக் கொம்பு. ஒரு கண்ணுக்குக் கறுப்புச் சட்டைப் பித்தான், இன்னொரு கண்ணுக்கு அதைவிடப் பெரிய பழுப்புப் பித்தான். பழைய கம்பளியில் தைத்த முகம். அதைக் கையில் மாட்டியிருந்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காகப் பொம்மைக் கதைகளைப் படைத்தவர் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள். இறுதி ஊர்வலம் இன்று பிற்பகல் என்று அதற்கும் கீழே.

நான் எழுந்து படிக்கு வந்துவிட்டேன். ஆனால் இறங்கவில்லை.

"எறங்குறதுன்னா எறங்குங்க தம்பி. படியில நின்னுக்கிட்டு என்ன யோசனை? டிக்கெட்டு திருச்சிக்குல்ல எடுத்திருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒரு சாவுக்குப் போகணும்ணே."

"அத ஏறும்போதே சொல்லக் கூடாதா? சரி, போங்க போங்க."

ஏறும்போது எனக்கு எப்படித் தெரியும்? தினமும் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை வந்து, அங்கே பஸ் மாறி, இந்த ஊர் வழியாகத்தான் திருச்சிக்குப் போகிறேன். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அதில் பல நாள் டீ குடித்திருக்கிறேன். அவரும் அங்கே குடித்திருக்கலாம். முகம் தெரியாததால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவரைத் தேட வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் செல்போனில் அந்த ஆட்டு நிகழ்ச்சியைத் தேடினேன். ஒரு துண்டுக் காட்சிகூடக் கிடைக்கவில்லை. ஆளைத் தேட எனக்குப் பெயர் தெரியாது. ஆடு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தேங்காய் பறிக்க மரம் ஏறுகிறவர். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். எங்கள் தெருவில் எல்லாமே பங்காளி வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் தெரு முழுக்க மணக்கும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெரு முழுக்கத் துக்கம். கருமாதி முடிகிற வரைக்கும் எந்தப் பங்காளி வீட்டிலும் டிவி போட மாட்டார்கள். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். இது எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்றதில்லை. டிவி வந்தபோதே அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது போல.

அரசு கொடுத்த கலர் டிவி வந்த பிறகுதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தது. காலையில் அந்த ஆட்டுக் கதை. ஒரு பஸ் நிற்கிறது, புறப்பட்டுப் போகிறது. போன பிறகு பெஞ்சில் ஒரு குடை கிடக்கிறது. ஒற்றைக் கொம்பு ஆடு அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குடைக்காரரைத் தேடுகிறது. அவ்வளவுதான் கதை. வாரம் ஒரு ஊர். யாரைப் பார்த்தாலும் கரகரத்த குரலில் பணிவாகக் கேட்கும்: "இது உங்க குடைங்களா?" எல்லோரும் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் தங்கள் கதையைச் சொல்வார்கள். தொலைத்த செருப்பைப் பற்றி ஒருவர், ஓடிப்போன கோழியைப் பற்றி ஒருவர். ஆடு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவசரமே படாது. தொலைக்காட்சியில் அப்படி அவசரமில்லாமல் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்டு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

என்னைவிட அப்பாவுக்குத்தான் அதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மரத்துக்குப் போனாலும் ஆட்டு நேரத்துக்கு இறங்கி வந்துவிடுவார். வீட்டில் எது கையில் அகப்பட்டாலும் அம்மாவிடம் நீட்டுவார். கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "இது உங்க கரண்டிங்களா?"

"மனுசனுக்கு வாக்கப்படுறேன்னு நெனச்சேன், ஆட்டுக்கு வாக்கப்பட்டுருக்கேன்" என்பார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

குடை யாருடையது என்பதில் தெருவில் ஆளுக்கொரு கட்சி. வாத்தியாருடையது, கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளையுடையது என்று. அப்பா மட்டும் கண்டக்டர் என்றார். முதல் வாரத்தில் பஸ் வந்து நின்றபோது கண்டக்டர் கையில் குடையைப் பார்த்ததாகச் சத்தியமே செய்வார்.

"கண்டக்டருக்கு எதுக்கு மச்சான் குடை? பஸ்ஸுக்குள்ளயா மழை பெய்யுது?" என்று மாமா கேட்டார்.

"நம்ம ஊரு பஸ்ஸுல ஏறிப் பாத்ததில்லையா நீ? உள்ளதான் மழை."

"அந்த ஆடே கண்டக்டரக் கேக்கல. ஒனக்கு மட்டும் எங்கிட்டு இருந்து தெரிஞ்சுச்சு?"

"அந்த மொத வாரத்த இன்னொரு தடவ போடட்டும். கையைக் காட்டுறேன். காட்டலேன்னா மீசைய எடுத்துர்றேன்."

அந்த மீசைப் பேச்சு தெருவில் நின்றுவிட்டது. அப்பா போகிற பக்கமெல்லாம், "என்ன, மீசை எப்ப போகுது?" என்று கேட்டார்கள். அவரும் விடவில்லை. முதல் வாரத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வாரம் கதை முடிகிறது, குடை யாருடையது என்று தெரியும் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் முழுவதும் தெருவில் வேறு பேச்சில்லை.

அந்த ஞாயிறு காலை நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதைக்கு முன்னால் வருகிற இசை தொடங்கியது. வாசலில் யாரோ ஓடுகிற சத்தம். பக்கத்து வீட்டுச் சின்னம்மா அழுதுகொண்டே உள்ளே வந்தார். டிவியை அணைத்தார். கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை உருவி அதன்மேல் போட்டார். அப்பா இறந்துவிட்டார் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னாலேயே அந்தத் துண்டு சொல்லிவிட்டது.

தெருவே தோப்புக்கு ஓடிவிட்டது. ஒருவரும் அந்த வாரக் கதையைப் பார்க்கவில்லை. மேலத்தெருவில் அந்த நேரம் கரண்ட் இல்லையாம். கோடை விடுமுறை முடிந்து நான் பள்ளிக்கூடம் போனபோது பிள்ளைகள் வேறொரு கார்ட்டூனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எப்படி விழுந்தார் என்பதைத் தோப்புக்காரர்தான் துக்க வீட்டில் வந்து சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். "மேல இருந்தே மணியைக் கேட்டாப்ல. பத்தாகப் போகுதுன்னேன். இன்னும் ரெண்டு குலை இருக்குன்னேன். ஆட்டைப் பாத்துட்டு வந்து வெட்டுறேன்னு கடகடன்னு எறங்குனாப்ல. பாதி மரத்துல கால்ல கெடந்த கயிறு நழுவிருச்சு."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அதற்குப் பிறகு அம்மா மரத்தைத் திட்டவில்லை, தோப்புக்காரரைத் திட்டவில்லை, கடவுளைக்கூடத் திட்டவில்லை. ஆட்டைத்தான் திட்டினார். "அந்த ஆட்டுக் கூத்துக்காரன் என் குடியக் கெடுத்துட்டான்" என்பார். ஆடு அதோடு முடிந்துபோனது. அதன் பிறகு அந்தச் சேனலில் அது வரவில்லை. ஆனாலும் டிவியில் எந்தப் பொம்மை வந்தாலும் அம்மா சேனலை மாற்றிவிடுவார். இன்று வரைக்கும் அப்படித்தான். சாயங்காலம் சீரியல் பார்ப்பார், செய்தி பார்ப்பார். ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் பொம்மை முயல் ஒன்று வந்தால்கூட ரிமோட் தானாக அவர் கைக்குப் போய்விடும்.

எனக்குத் திட்டத் தெரியவில்லை. அந்தக் குடை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. என் அப்பா எதைப் பார்ப்பதற்காக அவ்வளவு அவசரமாக இறங்கினார்? அது பார்க்கத் தகுந்த ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத குறைதான். படித்தேன், வேலைக்குப் போனேன், இத்தனை வயதாகிவிட்டது. இந்த ஒன்று மட்டும் எனக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கீரனூரில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு, வழி கேட்டுப் போனேன். கேட்டவர்களுக்கு ஆட்டைத் தெரியவில்லை. "டிவி ஸ்டேசன்ல வேலை பாத்தாரே, அவரா? அங்கிட்டுப் போங்க, பந்தல் போட்டிருக்கும்" என்றார்கள். சின்னப் பந்தல். பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, பாதிக்கு மேல் காலி. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வீட்டு ஆண்கள் வாசலில் நின்று கை நீட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வருகிறவர் அந்தக் கைகளைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அங்கே ஒரே ஒருவர்தான் நின்றார். இறந்தவரின் தம்பி. நான் அவர் கையைத் தொட்டேன்.

"எங்கிட்டு இருந்து வாரீங்க?"

"ஆலங்குடிப் பக்கம்ங்க."

"ஆலங்குடியிலயா? அங்க எங்களுக்கு யாரும் இல்லையே. என்ன முறை வேணும்?"

என்ன சொல்வது? "டிவில பாத்திருக்கேங்க" என்றேன். அவர் என் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "போயிப் பாருங்க" என்றார்.

ஐஸ் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தார்கள். நெஞ்சின்மேல் ஆடு இருந்தது. பக்கத்தில் பார்க்கும்போது எவ்வளவு சின்னது! டிவியில் அது ஊர் ஊராகச் சுற்றிவந்த ஆடு. இங்கே ஒரு முழங்கை நீளம். கழுத்தில் வேறு வேறு நிற நூலில் தைத்த ஒட்டு. உள்ளே கை இல்லாததால் தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிய, ஒரு பெண் வந்து சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனார். அவருடைய மகளாக இருக்க வேண்டும். மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வயதானவர். நான் வாசலில் சொன்னதைக் கேட்டிருக்கிறார். "நீங்க ஆடு பாத்த பிள்ளையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதையில் ஆட்டைத் தவிர மற்ற பொம்மைகளுக்கெல்லாம் கை கொடுத்தவர் இவர். ஆட்டை மட்டும் இறந்தவர் யாரிடமும் தர மாட்டாராம்.

"சாக்கைத் தச்சு அதுல ஊரு வரைவாரு தம்பி. அதான் எங்களுக்குப் பின்னால. ஒரே மேசை. அதுக்கு அடியில நாங்க ரெண்டு பேரும் மல்லாக்கப் படுத்துக் கெடப்போம். எடுத்து முடிச்சா முதுகு புடிச்சிக்கிரும். ஆட்டுக்குக் கொம்பு ஒண்ணுதான் இருக்கே, இன்னொண்ணு தைங்கன்னேன். வேணாம்பா, எதையாவது தொலைச்சவனுக்குத்தான் தொலைச்சவன் பேச்சு காதுல விழும்ன்னாரு."

"ஐயா, கடைசியில அந்தக் குடை யாருது?"

நான் கேட்ட வேகம் எனக்கே சங்கடமாக இருந்தது. சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பிற்பகலில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரைக் கேட்பது?

அவர் செருப்புக் காலால் மண்ணைத் தேய்த்தார்.

"கடைசி வாரம் எடுக்கவே இல்ல தம்பி. அறிவிப்பெல்லாம் குடுத்தாச்சு. அப்பறம் கூப்பிட்டு, ஸ்டுடியோவ வேற நிகழ்ச்சிக்குக் குடுத்துட்டோம், இதோட நிறுத்திக்கங்கன்னாங்க. ஒரே ஒரு நாள் குடுங்க, முடிச்சுக் குடுத்துர்றேன்னு நின்னாரு. முடியாதுன்னுட்டாங்க. அந்த ஞாயித்துக்கெழமை மொத வாரத்து டேப்பை எடுத்து மறுபடி ஓட்டி விட்டுட்டாங்க. அவரு ஆட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தவருதான். பின்னால அந்த டேப்பெல்லாம் அழிச்சு வேற எதையோ பதிஞ்சுட்டாங்களாம்."

முதல் வாரத்தையா?

என் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்த அந்த முதல் வாரம்.

"அப்ப அவரு மனசுல யாரு குடைன்னு வச்சிருந்தாரு?"

"நானும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஆட்டைக் கேளும்பாரு. அவருக்கே தெரியாதோ என்னவோ. முடிக்க விடலேங்கிற வருத்தம் கடைசி வரைக்கும் இருந்துச்சு. யாராச்சும் ஒரு பிள்ளை வந்து கேட்டா சொல்லிருப்பாரு. ஒருத்தரும் வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு கேட்டேன். "மொத வாரத்துல பஸ் வந்து நின்னப்ப கண்டக்டர் கையில குடை இருந்துச்சுங்களா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கண்டக்டரா? அந்தப் பொம்மைக்கு ஏது தம்பி கை? சன்னல்ல தெரியிற மாதிரி அட்டையில ஒரு தலை வெட்டி ஒட்டுனோம். வாயில ஒரு விசில். அவ்வளவுதான்."

பிற்பகலில் எடுத்தார்கள். பெட்டியிலிருந்து இறக்கும்போது ஆடு நழுவி விழப் பார்த்தது. மகள் பிடித்து மறுபடியும் நெஞ்சில் வைத்தார். "அப்பாவோடயே போகட்டும்" என்றார். சுடுகாடு வரைக்கும் நடந்தேன். கம்பளி சீக்கிரம் பற்றிக்கொண்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? முடிவே இல்லாத கதைக்காக, ஏற்கெனவே பார்த்த ஒன்றுக்காக, கையே இல்லாத ஒரு அட்டைத் தலைக்காக மனிதர் மரத்திலிருந்து விழுந்தார் என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை வருடம் அந்த ஆட்டையாவது திட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் திட்டுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாதே. சொல்லக் கூடாது என்றுதான் முடிவு செய்தேன். புதுக்கோட்டையில் பஸ் மாறும்போதும் அதே முடிவு.

ஆனால் சாவுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. நான் வாசல் குழாயடியில் துணியோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்வதை அம்மா பார்த்துவிட்டார்.

"வேலைக்குத்தானடா போன? யாரு செத்தா?"

நான் இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.

"ஒன்னத்தான் கேக்குறேன். யாரு?"

"ஆட்டுக்காரரும்மா."

"எந்த ஆட்டுக்காரரு?" என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் குடை யாருதாம்?"

இத்தனை வருடத்தில் அம்மா அதைக் கேட்டதில்லை. அம்மாவுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் எடுத்த முடிவெல்லாம் போய்விட்டது. சொன்னேன். கடைசி வாரம் எடுக்கவில்லை, முடிவு என்று ஒன்று இல்லவே இல்லை, அன்றைக்கு முதல் வாரத்தைத்தான் மறுபடி போட்டார்கள் என்று.

"மொத வாரமா? அவரு கேட்டுக்கிட்டே கெடந்தாரே, அதா?"

"அதான்."

"அப்ப கண்டக்டர் கையில..."

"கையே கெடையாதாம்மா. வெறும் தலைதானாம். அட்டையில வெட்டி ஒட்டுனதாம்."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கையே இல்லாதவன் குடை புடிச்சான்னு மீசைய அடகு வச்சாரே மனுசன்! அன்னிக்கு வந்து பாத்திருந்தா தெருவே வளைச்சுப் புடிச்சு மழிச்சு விட்டுருக்கும். நல்லவேள..." என்றவர் அந்த வார்த்தையோடு நின்றுவிட்டார். பொத்திய கை அப்படியே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா செத்த அன்றைக்குத் தோப்புக்காரர் பேசும்போது நிறுத்திய அழுகை அது என்று நினைக்கிறேன். நான் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தொடப் பயமாக இருந்தது.

"அந்த மனுசனுக்கும் முடிக்க விடலையாக்கும்" என்றார் கடைசியில். துண்டை என் தலைமேல் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சீரியல் நேரம் ஆகியிருந்தது. டிவி ஓடவில்லை. அதன்மேல் அம்மாவின் பழைய சேலை ஒன்று மடித்துப் போட்டிருந்தது. அடுப்படியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து சின்னம்மா எட்டிப் பார்த்து, "என்னக்கா, டிவிய மூடி வச்சிருக்க? நம்ம பங்காளியில சாவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் அம்மா.